நீலத் துளை

மீதி நேரம் பதினான்கு மணி என்கிறது திரை.
கடைசிப் படகுக்கு இரண்டே முக்கால் இருக்கிறது.

செயின்ட் ஜான்ஸ் தீவில், ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் அறையில்
நான் நகலெடுப்பது ஆறு வாரக் கடல்.
பவளத்திட்டின் ஓரம் இறக்கிவைத்த ஒலிவாங்கி
பத்துப் பத்து விநாடியாக நறுக்கித் தந்த
மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் கோப்புகள்.
நாளைக் காலை இந்தக் கணினியைத் துடைத்துவிடுவார்கள்.

திரைக்கு நன்றாகப் பொய் வரும்.
பதினான்கு மணி, ஒன்பது மணி, நாற்பது நிமிடம்,
வயிற்றில் பால் வார்த்துவிட்டு
மறுபடி பதினாறு மணி.
பச்சைப் பட்டை அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

முதல் சந்தேகம் வடத்தின் மேல்.
வன்தட்டின் வாய் அகலம்.
நான் செருகியிருந்ததோ
சைக்கிள் விளக்குக்கு மின்னேற்றும் ஒல்லி வடம்.
பாதி வாய்க்குள் போய் உட்கார்ந்து
வேலை செய்வதாக நடித்துக்கொண்டிருந்தது.
சரியான வடம் கீழ் இழுப்பறையில்,
காலாவதியான பிஸ்கட்டுக்கு அடியில்.

அடுத்தது துளை.
முன்பக்கம் இருப்பவை கறுப்பு, சோம்பேறிகள்.
நீலம் பின்னால், சுவரை ஒட்டி.
மேசையைக் கையகலம் இழுத்து
கன்னத்தைச் சுவரில் வைத்து
பல்லி முட்டை ஒன்றை விலக்கித் தடவினால்
இருந்தது, காலியாக இல்லை.
வெய் ஷானின் குட்டி மின்விசிறி
கூடத்திலேயே வேகமான வழியில் கால் நீட்டிக்கொண்டு
காற்று வீசிக்கொண்டிருந்தது.

பிடுங்கினேன்.
"ஐயோ, லா!" என்றான் வெய் ஷான்.
வியர்வை உடனே வேகமெடுத்தது.
கோப்புகள் எடுக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.
நீரிணையில் கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தன,
பெட்டிமேல் பெட்டி அடுக்கி.
அப்போதுதான் எனக்கு உறைத்தது
என்று எழுதினால் அழகாக இருக்கும்.
உண்மையில் வெய் ஷான்தான் சொன்னான்,
சட்டையால் விசிறிக்கொண்டே:
ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் பதிந்து
இடம் பார்த்து, கதவைத் திறந்து, கதவைச் சாத்தி,
இதை மூன்று லட்சம் தடவை செய்தால் எப்படி?
மூட்டையாகக் கட்டு.
சுருக்காதே, அதற்கும் நேரம் பிடிக்கும். சும்மா கட்டு.

நாளுக்கு ஒரு மூட்டை. நாற்பத்திரண்டு.
வைரஸ் தடுப்பானிடம்
இந்த ஒரு கோப்புறையை மட்டும் மோந்து பார்க்காதே
என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு கடல் போனது,
இரண்டரை நிமிடத்துக்கு ஒரு நாள்.
அந்தப் பெருமழைச் செவ்வாய் போனது.
இழுவைப் படகு ஒன்று ஒலிவாங்கிக்கு நேர் மேலே நின்று
உறுமித் தீர்த்த வியாழன் போனது.
காரணம் சொல்லாமல்
நான் வேலைக்கு வராதிருந்த இரண்டு நாள்களும் போயின,
மற்றவற்றைப் போலவே,
ஆளுக்கு இரண்டரை நிமிடம்.

நாற்பதாவது மூட்டையில் படகு ஊதியது.
நாற்பத்திரண்டில் மறுபடியும்.
பாதுகாப்பாக அகற்று என்றேன்.
பயன்பாட்டில் உள்ளது என்றது.
யார் பயன்படுத்துகிறார்கள்?
தேடினால், நானேதான்.
ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க
முதல் மூட்டையைப் பிரித்து
ஒரு கோப்பை ஓடவிட்டு மறந்திருக்கிறேன்.
சத்தம் குறைத்த ஒலிபெருக்கியில்
சொடுக்கு இறால்கள்,
எண்ணெயில் கடுகு வெடிப்பது போல,
திரும்பத் திரும்ப அதே பத்து விநாடி.
ஒரு சுற்று கேட்டேன்.
மூடினேன்.

விசிறியைத் திரும்பச் செருகக்கூட நேரமில்லை.
வன்தட்டைத் துவாலையில் சுற்றி
சாப்பாட்டு டப்பாவில் வைத்து
படகுத்துறை வரை ஓட்டம்.
நான் ஏறுவதற்காக ரொஸ்லி கை நீட்டி டப்பாவை வாங்கினார்.
உள்ளே என்ன என்று புருவத்தால் கேட்டார்.
"உடாங்" என்றேன். இறால்.

மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
இன்னும் சூடு ஆறவில்லையே என்றார் மலாயில்,
கயிற்றை அவிழ்த்தபடி.